கதிர்த்தடுப்புக் கையுறை: வாங்கலாமா?

திருகோணமலையில் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நடக்கும்போதே எக்ஸ் கதிர்ப் படம் காட்டும் சீ-ஆம் இயந்திரத்தை இயக்கும் றேடியோகிராபர் நான். கொழும்பு விற்பனையாளர் ஒருவர் மூலம் எங்கள் கூடத்துக்கு வந்த மெல்லிய கதிர்த்தடுப்புக் கையுறைகளைப் பற்றி எழுதுகிறேன். இவை ஈயம் கலவாதவை, தொற்றுநீக்கிப் பொதியிடப்பட்டவை, ஒருமுறை பாவித்தபின் எறிய வேண்டியவை.

கையுறையாக மட்டும் பார்த்தால் குறை அதிகமில்லை. பழைய ஈயக் கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடிக்கவே முடியாது. இதிலோ மணிக்கட்டு முறிவுக்குச் செலுத்தும் மெல்லிய கம்பியின் முனையைக்கூட விரல் உணர்கிறது. ஆனால் வைகாசி வெயிலில் குளிரூட்டி சரியாக வேலை செய்யாத நாளில், மேலே இன்னொரு கையுறையும் போட்டால், கழற்றும்போது வியர்வை வழிந்து கொட்டுகிறது.

கையுறையைப் போட்டால் கைக்குப் பாதுகாப்பு என்ற விற்பனையாளரின் விளக்கத்தைத்தான் நான் முழுதாக ஏற்கவில்லை. கதிர்வீச்சோடு வேலை செய்பவரின் கைக்கும் தோலுக்கும் சர்வதேச நியமங்கள் விதிக்கும் வரம்பு ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). பொதுமக்களின் தோலுக்கு 50. முழு உடலுக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 தான் என்பதால், கை எவ்வளவையும் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் தோல் வரம்பு தனியாக வைக்கப்பட்டதன் காரணமே, முழு உடல் கணக்கில் தோலின் பங்கு நூற்றில் ஒன்றாக மட்டும் எடுக்கப்படுவதால், விரல்கள் புண்ணாகும் அளவுக்குக் கதிர் பட்டாலும் அந்தக் கணக்கு பெரிதாக அசையாது என்பதுதான். ஆகவே தோலில் மிக அதிகமாகக் கதிர்பட்ட ஒரு சதுர சென்ரிமீற்றரை எடுத்து, 0.07 மில்லிமீற்றர் ஆழத்தில், அதாவது புதிய தோல் செல்கள் பிறக்கும் படையில், அளவைக் கணிக்கிறார்கள். கதிரை அளக்க நெஞ்சில் குத்தும் பேட்ஜ் இதில் எதையும் சொல்லாது.

இனிக் கையுறைக்கு வருவோம். கை, குழாயிலிருந்து நேரே வரும் கதிர்க்கற்றைக்கு வெளியே இருந்து, நோயாளியின் உடலில் பட்டுச் சிதறிவரும் கதிரை மட்டும் எதிர்கொள்ளும்போது இது உண்மையாகவே உதவும். கிலோவோல்ட், அதாவது கதிரின் ஊடுருவும் வலுவைத் தீர்மானிக்கும் குழாய் மின்னழுத்தம், ஏற ஏற உதவி குறையும். கை கற்றைக்குள்ளேயே நுழைந்தால் கதை வேறு. படம் இருண்டுவிட்டதாக எண்ணி, இயந்திரத்தின் தானியங்கிக் கட்டுப்பாடு கதிரை உயர்த்திவிடுகிறது. கையுறை தடுத்ததில் ஒரு பகுதி அப்படியே திரும்பி வருகிறது. நோயாளிக்கும் கூடுதலாகப் படுகிறது.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் முதல்நாளே, "தம்பி, இனிக் கையால பிடிச்சுக்கொண்டே படம் எடுக்கலாம்தானே?" என்றார். "இல்லை சேர், இந்த இலக்கத்தைப் பாருங்கோ" என்று திரையைக் காட்டினேன். விரல்கள் படத்தின் ஓரத்தில் தெரிந்ததும் கிலோவோல்ட்டும், கதிரின் அளவைக் கூட்டும் மில்லியம்பியரும் சேர்ந்தே ஏறின. அவர் கையை எடுத்துவிட்டு, பிடிகருவியைக் கேட்டார். விற்பனையாளர் தந்த துண்டுப்பிரசுரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பொருளின் மீதான என் பெரிய புகார் அதுவே. எடிசனின் உதவியாளராக எக்ஸ் கதிர்க் குழாய்களைக் கையாண்டு, கைகள் புண்ணாகி 1904 இல் இறந்த கிளாரன்ஸ் டாலியின் காலத்திலிருந்து, கற்றைக்குள் கை வைப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் ஆபத்து.

2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் சபையின் அனுமதிப்பத்திரத்தோடு இயந்திரம் வைத்திருக்கும் எவரும், இந்தக் கையுறைக்குக் காசு ஒதுக்குமுன் விரலில் படும் கதிரை அளக்கும் மோதிர டோசிமீட்டருக்கு ஒதுக்குவது நல்லது. எக்ஸ் கதிர்க் குழாய் மேசைக்குக் கீழே இருந்தால், மோதிரத்தின் உணரி உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். புறங்கைப் பக்கம் திருப்பிப் போட்டால் வாசிப்பு குறைவாகவே வரும். மோதிரத்தின் அளவு உயர்ந்தே வருகிறது, கையைக் கற்றையின் ஓரத்திலிருந்து இதற்கு மேல் விலக்க முடியாத வேலை என்றால் கையுறை வாங்கலாம். சிறிய கைக்கான அளவு எங்களுக்குக் கிடைக்கவில்லை, கட்டளையிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.