பழைய காரில் கூலண்ட் கசிவு: டம்மி பிளக் மாற்றிய பிறகு

நண்பர் ஒருவர் என்னுடையதைப் போலவே ஒரு காரைப் பார்த்து வைத்திருக்கிறார். 2004 மாடல், பெட்ரோல், விலையும் அவருக்குக் கட்டுப்படியாகிறதாம். "இத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். மைலேஜ், இடவசதி எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் பற்றிய விஷயம் ஒன்றுதான். என் வண்டியில் அது கசிந்ததைச் சரிசெய்யும் வேலையை இப்போதுதான் முடித்தேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

கசிவு என்றால் தரையில் சொட்டு விழும் என்றுதான் எல்லோரும் தேடுவோம். இதில் விழவில்லை. ரிசர்வ் டேங்கில் அளவு மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். சிக்னலில் நிற்கும்போது லேசாக ஓர் இனிப்பு வாசம் வரும். பானெட்டைத் திறந்தால் ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப் எல்லாமே காய்ந்து கிடக்கும். சூடான இன்ஜினில் கசிகிற துளி கீழே வருவதற்குள் ஆவியாகிவிடுகிறது.

முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்றார்கள். அது போனால் தெரிகிற அடையாளம் எதுவும் இல்லை: ஆயில் பால் கலந்த காபி மாதிரி மாறவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை, ரேடியேட்டர் வாயில் குமிழி இல்லை. இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் லீக்கை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் கொட்டலாம் என்றார்கள். அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடக் கூடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தது தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன ஷெட்டில். அந்த மெக்கானிக் வண்டியை ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கையால் பம்ப் அடித்தார். மூடியில் 0.9 என்று போட்டிருந்தது, அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார். முள் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் பச்சையாக ஒரு துளி திரண்டு விழுந்தது. இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்து, "டம்மி போயிருச்சுங்க" என்றார். இன்ஜின் சூடாக இருந்திருந்தால் அந்தத் துளியைப் பார்த்திருக்கவே முடியாது.

இன்ஜின் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுக்க ஓட்டைகள் விடுவார்கள். பிறகு கிண்ணம் போன்ற தகட்டு மூடிகளை அடித்து அவற்றை அடைப்பார்கள். அதுதான் டம்மி பிளக். அதன் விலை டீ வடைக் காசுதான். ஆனால் என் வண்டியில் போனது, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிளக். அதைத் தொட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். செலவு முழுவதும் கூலிதான். இறக்கியதோடு கிளட்ச் பிளேட்டையும் கிராங்க் ஆயில் சீலையும் மாற்றிவிட்டேன், இன்னொரு முறை அந்தக் கூலியைக் கொடுக்க முடியாது.

கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஓரளவு நன்றாகவே இருந்தது. உள்பக்கம் செதில் செதிலாகத் துரு. ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. இது வண்டியின் குற்றமே இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வருஷக்கணக்கில் போர்வெல் உப்புத் தண்ணியை ஊற்றி ஓட்டியிருக்கிறார். "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பனியில் உறையாமல் இருப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டும்தான். இரும்பும் அலுமினியமும் அரிக்காமல் பார்த்துக்கொள்வதும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் தடுப்பதும் நம் ஊருக்குத்தான் அதிகம் தேவை. பாதிக்குப் பாதி கலப்பதாக இருந்தாலும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். (பழைய கூலண்டை இறக்கும்போது தட்டு வைத்துப் பிடித்து உடனே மூடிவிடுங்கள். அதன் இனிப்புக்குத் தெரு நாய்கள் நக்கிவிடும், அது அவற்றுக்குக் கொடிய விஷம்.)

இதைவிட எரிச்சல் தந்தது, தெர்மோஸ்டாட்டே இல்லாதது. யாரோ "வெயில் ஊருக்கு வால்வு வேண்டாம்" என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். சுமார் 82 டிகிரியில் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடுகிற அந்தச் சின்ன வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். புதிதாக ஒன்று போட்டோம். நம்பவே முடியாத வித்தியாசம். காலையில் எடுத்த உடனே இருந்த திக்கல் போய்விட்டது, மைலேஜும் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியிருக்கிறது. போன வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் குடும்பத்தோடு, ஏசியோடு ஏறினேன். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. இவ்வளவு நல்ல இன்ஜினை அந்த விலைக்கு இன்றைக்கு யாரும் தரமாட்டார்கள்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் அதற்குள் யார் எந்தத் தண்ணியை ஊற்றினார்கள் என்பதற்கு ஆர்சி புத்தகத்தில் பதிவு கிடையாது. மூன்று கடை ஏறி இறங்கி, ஹெட்டை இறக்கச் சொல்பவர்களோடு மல்லுக்கட்டும் பொறுமை நண்பருக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியும் போய்ப் பார்ப்பேன் என்று அவர் சொன்னால், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, வண்டியை எடுக்காத காலை நேரத்தில் போகட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கட்டும். செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒட்டினால் விலை கேட்காமலே திரும்பிவிடலாம்.