சிஎஸ்வி, ஜியோபேக்கேஜ், நெட்சிடிஎஃப், ஜியோடிஃப்: வரைபட மென்பொருளுக்கு எந்தக் கோப்பு?

ஒரே அறிவியல் தரவை நான்கு வகைக் கோப்புகளாக எழுதி, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து பாருங்கள். நான்கும் ஒரே படத்தைத் தராது. எண்களோடு சேர்ந்து போக வேண்டிய செய்திகள் நான்கு: ஆயத்தொலை முறை (இடத்தைக் குறிக்கும் எண்கள் எந்த முறையில் அளந்தவை என்பது), அலகு, நேரம், விடுபட்ட மதிப்பு. இவற்றில் கோப்பு எதைச் சொல்லவில்லையோ அதை மென்பொருள் ஊகித்துக்கொள்ளும். ஊகம் தப்பினாலும் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது, படம்தான் தப்பாக வரும். அதனால் இந்த ஒப்பீடு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: எந்தக் கோப்பு எவ்வளவைத் தானே சொல்கிறது?

முதலில் தரவின் வடிவத்தைப் பாருங்கள். வானிலை நிலையங்கள், மண் மாதிரி எடுத்த இடங்கள் எல்லாம் புள்ளித் தரவு. செயற்கைக்கோள் படங்கள், காலநிலை மாதிரிகளின் வெளியீடு எல்லாம் கட்டத் தரவு. கட்டத் தரவை சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த உரை அட்டவணையாக, விரிப்பதுதான் அடிக்கடி நடக்கும் வீண் வேலை. ஈஆர்ஏ5 (ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக வானிலைத் தரவு) போன்ற 0.25 டிகிரி உலகக் கட்டத்தில் 721 × 1440, அதாவது 10,38,240 புள்ளிகள் இருக்கின்றன. எக்செல் தாளின் எல்லை 10,48,576 வரிசைகள். ஒரே ஒரு மணி நேரத்துத் தரவு மயிரிழையில் உள்ளே நிற்கும், இரண்டாவது மணி நேரத்துக்கு இடமில்லை. 16 பிட் முழு எண்களாக, கட்டத் தரவுக்கான நெட்சிடிஎஃப் கோப்பில் சுமார் 2 எம்பி பிடிக்கும் அதே படலம் (ஒரு நேரத்துக்கான முழுக் கட்டம்), தீர்க்கரேகை, அட்சரேகை, மதிப்பு என மூன்று நெடுவரிசைகளாக விரிந்தால் 20 எம்பியைத் தாண்டிவிடும்.

புள்ளித் தரவு: சிஎஸ்வியா, ஜியோபேக்கேஜா?

சிஎஸ்வியின் பலம், எந்தக் கருவியிலும் திறக்கும், கண்ணால் படித்துச் சரிபார்க்கலாம் என்பது. அதன் பலவீனம், மேலே சொன்ன நான்கில் ஒன்றைக்கூட அது சுமப்பதில்லை. நிலையக் குறியீடு 007 என்று இருந்தால் மென்பொருள் அதை எண்ணாக எடுத்து 7 ஆக்கிவிடலாம். பிறகு இன்னொரு அட்டவணையில் உள்ள 007-உடன் இணைக்கப் போனால் எதுவும் பொருந்தாது. இதற்கு எளிய வழி, அதே பெயரில் சிஎஸ்விடி என்ற நீட்டிப்போடு ஒரு துணைக்கோப்பு வைப்பது. அதில் ஒரே வரிதான்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஸ்ட்ரிங், ரியல், இன்டிஜர் என்ற வகைப்பெயர், மேற்கோள் குறிக்குள், காற்புள்ளியால் பிரித்து (அந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்). கியூஜிஐஎஸ்ஸும், வரைபடக் கோப்புகளைப் படித்து மாற்றும் ஜிடால் என்ற கருவியும் இதைப் படித்து வகையை நிர்ணயிக்கும்.

நேரத்தை 2024-03-05T06:00:00Z என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவில் எழுதுங்கள். 03/04/2024 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்பதைக் கணினியின் மொழி அமைப்பு முடிவு செய்யும். விடுபட்ட இடத்தில் -9999 போடாதீர்கள், காலியாக விடுங்கள். ஆனால் ஆயத்தொலை இல்லாத வரிசையையே நீக்கிவிடுங்கள். இடையில் ஏதாவது ஒரு நிரல் காலியைப் பூஜ்யமாக்கிவிட்டால் அந்த நிலையம் 0,0-இல், கினி வளைகுடாவின் நடுக்கடலில் போய் நிற்கும்.

ஜியோபேக்கேஜ் இந்தக் கவலைகளில் பெரும்பகுதியைப் போக்குகிறது. உள்ளே அது, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் வகைத் தரவுத்தளம். ஆயத்தொலை முறை, நெடுவரிசை வகை, தேதியோடு கூடிய நேரம், உண்மையான வெற்று மதிப்பு எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். பல லேயர்களையும் ஒன்றாக வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: கியூஜிஐஎஸ்ஸில் திறந்திருக்கும்போது பக்கத்தில் வால், எஸ்எச்எம் என்று முடியும் இரண்டு தற்காலிகக் கோப்புகள் இருக்கும். அந்த நிலையில் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாகச் செய்த திருத்தங்கள் விடுபடலாம். மூடிவிட்டு நகலெடுங்கள்.

ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையைப் புதிய வேலைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தேதி உண்டு, மணி கிடையாது. அதனால் மணிவாரித் தரவின் 24 பதிவுகளும் ஒரே நாளாகத் தெரியும். நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான். முதல் 10 எழுத்து ஒன்றாக உள்ள இரண்டு பெயர்கள் வந்தால், ஜிடால் இரண்டாவதை வெட்டி _1 என்று ஒட்டும், எந்த நெடுவரிசை எது என்று பிறகு தெரியாது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இடம் இன்னும் குறுகல். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக்குறிகள். 'மழை' என்பதே 9 பைட். 'மழையளவு' என்று எழுதினால் முழுதாக நிற்காது.

ஜியோஜேசன் என்ற உரைக் கோப்பு வகை இணைய வரைபடத்துக்கு மட்டும். 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற தரநிலையின்படி அதில் டபிள்யூஜிஎஸ்84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறை) தவிர வேறு ஆயத்தொலை முறைக்கு இடமில்லை. தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. பைத்தானிலிருந்து எழுதும்போது விடுபட்ட மதிப்பு 'நான்' (NaN, எண் அல்ல என்ற குறி) என்று போய்விடும், உலாவி அந்தக் கோப்பு முழுவதையும் நிராகரிக்கும். 'நல்' (null, வெற்று மதிப்பு) என்று மாற்றி எழுத வேண்டும்.

கட்டத் தரவு: நெட்சிடிஎஃப்பா, ஜியோடிஃப்பா?

இங்கேதான் உண்மையான போட்டி. நேரமும் உயரமும் கொண்ட பல பரிமாணத் தரவுக்கு நெட்சிடிஎஃப், ஒரு படலத்தை வரைபடத்தில் போடுவதற்கு ஜியோடிஃப் (இடக்குறிப்போடு கூடிய படக்கோப்பு) என்பது எங்கள் தீர்ப்பு. ஏன் என்று பார்ப்போம்.

நெட்சிடிஎஃப்பில் சிஎஃப் மரபுகளை (அலகு, நேரம், ஆயத்தொலை ஆகியவற்றை எழுதும் பொது விதிகளை) பின்பற்றினால் பனோப்ளி, பாராவியூ, கியூஜிஐஎஸ் ஆகிய மூன்று மென்பொருள்களும் கோப்பைத் தாமாகவே புரிந்துகொள்ளும். பரிமாண வரிசை நேரம், உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று இருக்கட்டும். ஐமெர்க் என்ற செயற்கைக்கோள் மழைத் தரவு தீர்க்கரேகையை அட்சரேகைக்கு முன்னால் வைக்கிறது. வரிசையைப் பார்க்காமல் அணியாக எடுத்து வரைந்தால் உலகம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். நேர மாறிக்கு 'இந்தத் தேதியிலிருந்து இத்தனை மணி' என்ற வடிவில் அலகு வேண்டும். காலநிலை மாதிரிகளில் லீப் ஆண்டே இல்லாத நாட்காட்டியும், ஆண்டுக்கு 360 நாள் என்ற நாட்காட்டியும் உண்டு என்பதால் நாட்காட்டிப் பண்பையும் எழுதுங்கள்.

தவறு அதிகம் நடக்கும் இடம், இடத்தைச் சேமிக்கச் சுருக்கி எழுதிய எண்கள். வெப்பநிலை 16 பிட் முழு எண்ணாக இருக்கும், அதை ஒரு காரணியால் பெருக்கி ஒரு எண்ணைக் கூட்டினால்தான் கெல்வின் கிடைக்கும். ஜிடால் வழியாக ஜியோடிஃப்பாக மாற்றும்போது அந்தப் பெருக்கலையும் கூட்டலையும் செய்யும் அன்ஸ்கேல் விருப்பத்தையும், வெளியீட்டு வகையாக ஃப்ளோட்32-ஐயும் (தசம எண் வகை) சேர்த்தே கொடுங்கள். இரண்டாவதை மறந்தால் தசமப் பகுதி போய்விடும். நீங்களே இப்படிச் சுருக்கி எழுதினால், விடுபட்ட மதிப்பும் சுருக்கிய எண்ணின் வகையிலேயே இருக்க வேண்டும். -9999.0 என்று கெல்வின் கணக்கில் எழுதுவது பிழை.

அடுத்தது தீர்க்கரேகை. பல உலகத் தரவுகள் 0 முதல் 360 வரை ஓடும், அடிப்படை வரைபடங்கள் -180 முதல் 180 வரை. 180-இலும் அதற்கு மேலும் உள்ளவற்றிலிருந்து 360-ஐக் கழித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அச்சைத் தரவோடு சேர்த்து மீண்டும் ஏறுவரிசையில் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 179.75-க்கு அடுத்து -180 வரும் ஒரு குதிப்பு அச்சின் நடுவில் இருக்கும், சீரான கட்டம் என்று மென்பொருள் அதை ஏற்காது.

ஜியோடிஃப்பில் நேர அச்சு கிடையாது. 24 மணி நேரம் என்றால் 24 பட்டைகள் (ஒரே கோப்புக்குள் அடுக்கிய படலங்கள்), எது எந்த மணி என்பதை விளக்கத்திலோ கோப்புப் பெயரிலோ நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் ஆயத்தொலை முறையை அது உறுதியாகச் சுமக்கும், வேகமாகத் திறக்கும். கவனம் வேண்டியது மூலைப்புள்ளியில். ஈஆர்ஏ5-இன் 90, -180 என்பது பிக்சலின் நடுப்புள்ளி. ரேஸ்டீரியோ என்ற பைத்தான் நூலகத்தின் ஃப்ரம்_ஆரிஜின் கேட்பதோ பிக்சலின் வெளி மூலை. அங்கே மேற்கு -180.125, வடக்கு 90.125 என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். நடுப்புள்ளியையே கொடுத்தால் முழுப் படமும் 0.125 டிகிரி நகரும், நிலநடுக்கோட்டில் அது சுமார் 14 கிலோமீட்டர். கடற்கரையோர மழை கடலுக்குள் போய்விடும்.

விடுபட்ட மதிப்பின் குறிச்சொல்லை, பிரமிடுகள் (சிறிதாக்கிப் பார்க்க முன்கூட்டியே செய்துவைக்கும் குறைந்த தெளிவுப் படிகள்) உருவாக்குவதற்கு முன்பே பதியுங்கள். சராசரி முறையில் பிரமிடு எடுத்த பிறகு பதிந்தால், -9999 ஏற்கெனவே ஓரத்து மதிப்புகளோடு கலந்திருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் சரி, சிறிதாக்கினால் கரை முழுவதும் போலியான குளிர் என்று படம் காட்டும். நிலப்பயன்பாடு போன்ற வகைப்பாட்டுத் தரவுக்குச் சராசரியே கூடாது, அருகிலுள்ள மதிப்பை எடுக்கும் முறைதான். வகை 2-க்கும் 4-க்கும் சராசரியாக வரும் 3 வேறொரு நிலப்பயன்பாட்டைக் குறிக்கும்.

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறைக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் வடக்கிலும் தெற்கிலும் 85.05 டிகிரியில் வெட்டிவிடுங்கள். அந்த முறையில் துருவம் முடிவிலிக்குப் போகும்.

கட்ட மதிப்புகளை வெறும் உரையாக எழுதும் ஏஎஸ்சி கோப்பு சிறிய பகுதிக்கும் பழைய மென்பொருளுக்கும் போதும். அதன் தலைப்பில் கார்னர், சென்டர் என்ற இரண்டு சொற்களில் எதை எழுதுகிறீர்கள் என்பதில் மேலே சொன்ன அதே அரைப் பிக்சல் சிக்கல் உண்டு.

எதைத் தேர்ந்தாலும், அனுப்பும் முன் ஜிடாலின் ஜிடால்இன்ஃபோ கட்டளையை ஸ்டாட்ஸ் (புள்ளிவிவரம்) விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலைக் கோப்பில் குறைந்தபட்சம் -9999 என்று வந்தால் விடுபட்ட மதிப்பு பதியவில்லை. வெப்பநிலைக்குப் பொருந்தாத, ஆயிரக்கணக்கில் போகும் முழு எண்கள் வந்தால் சுருக்கம் இன்னும் விரிக்கப்படவில்லை. 200-க்கும் 320-க்கும் இடையில் வந்தால் கெல்வின், அலகை எழுதிவிட்டு அனுப்பலாம்.