பரோக் வேட்டை அச்சுப்படம்: எச்சிங்கா, என்கிரேவிங்கா?

பரோக் எனும் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணியில் ஒரு வேட்டைக் காட்சி வாங்க நினைப்பவர்கள் பலர் இங்கேதான் திண்டாடுகிறார்கள். இரண்டுமே செப்புத்தகட்டில் கோடு போட்டு, மையிட்டு, காகிதத்தில் அச்சிடும் முறைகள்; கோடு விழும் விதம்தான் வேறு.

கோடு
என்கிரேவிங்: உளி செம்பைச் சீவி எடுக்கும். கோடு மெலிதாய்த் தொடங்கி, நடுவில் பருத்து, கூராக முடியும்.
எச்சிங்: காப்புப் பூச்சை ஊசியால் கீறி, அமிலத்தை அரிக்க விடுவார்கள். கோட்டின் நுனி மொட்டை.

10 மடங்கு லென்ஸ் போதும். ஆனால் எச்சிங் கலைஞர் ழாக் கலோ ஏமாற்றிவிடுவார். சாய்முனைக் கருவியும், லூட் வாத்தியம் செய்பவர்களின் கெட்டி வார்னிஷும் கொண்டு எச்சிங்கிலேயே பருத்து மெலியும் கோட்டை வரவழைத்தவர் அவர்.

ஓட்டம்
பாயும் நாய், மிரளும் குதிரை என்றால் எச்சிங்தான். இத்தாலியக் கலைஞர் அந்தோனியோ டெம்பெஸ்டாவின் ஊசி பேனாபோல ஓடுகிறது. தசை முறுக்குக்கு என்கிரேவிங்: ஓவியர் ரூபன்ஸின் சிங்க வேட்டை ஓவியத்தை உளியால் செதுக்கிய ஸ்கெல்டே ஆ போல்ஸ்வெர்ட்டைப் பாருங்கள்.

தேய்மானம்
எச்சிங்கில் தூரத்து மரங்களை லேசாக அரித்து நிறுத்திவிட்டு, முன்புறத்தை மட்டும் மறுபடி அரிப்பார்கள். அச்சிட அச்சிட அந்த ஆழமற்ற மரங்கள்தான் முதலில் வெளிறும். அவை மங்கலாக இருந்தால் பிந்தைய பிரதி என்று சந்தேகப்படலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வானத்தில் கரும்புள்ளியா? காப்புப் பூச்சு உடைந்த இடத்தில் அமிலம் புகுந்த தடம் அது. பழுப்புப் புள்ளி என்றால் அது காகிதத்தின் கறை.

மேசையில் வைத்து நெருங்கிப் பார்க்க எச்சிங். சுவரில் மாட்டி எட்ட நின்று பார்க்க, பெரிய அளவு என்கிரேவிங்.