அம்மாவுக்கு மூடிப் போனா, 1100ஆ?

போன மாரியில் அம்மாவின் போனை மாற்றினேன். அதற்குப் பிறகு, திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் வயது போனவர்களை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் நாலைந்து பேர் ‘எதை வாங்கிக் கொடுக்கிறது?’ என்று கேட்டுவிட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் நொந்ததால் எழுதிவைக்கிறேன். நான் ஃபிளிப் போன், அதாவது மடித்து மூடும் போன் பக்கம். அதை மறைத்துக்கொண்டு நடுவர் வேலை பார்க்க மாட்டேன். அம்மா அதை ‘மூடிப் போன்’ என்பா.

டச் போன் எங்கள் வீட்டில் இரண்டு கிழமை தாக்குப்பிடித்தது. காய்ந்த விரலுக்கு அது அசையாது, ஈர விரலுக்குக் கண்டபடி ஓடும். கனடாவில் இருக்கும் தங்கச்சியின் முகம் பார்க்க வாட்ஸ்அப் வேண்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனில் அது நடக்கிறது. அவ்வளவு போதும்.

ஆகவே போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று 2003இல் வந்த நோக்கியா 1100. அம்மா பல வருடம் வைத்திருந்தது. மற்றது 2004இல் வந்த மூடிப் போன், மோட்டோரோலா ரேசர் வி3. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பிறகு என் அலுமாரியில் கிடந்தது. இரண்டும் பழைய 2ஜி வலையமைப்பில் ஓடுபவை. கோபுரம் எட்டுகிற இடத்தில் இரண்டும் எடுக்கும், எட்டாத இடத்தில் இரண்டும் ஊமை. ரீலோட் போடுவது, எஸ்எம்எஸ் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பற்றரியில் 1100க்கே வெற்றி. அதற்குப் போடும் பிஎல்-5சி பற்றரி சின்ன ரேடியோக்களுக்கும் பொருந்துவதால் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வி3க்கு வேண்டிய பிஆர்50ஐத் தேடி நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். அது 680 மில்லி அம்பியர் மணிதான். அம்மா பேசுகிற பேச்சுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் சார்ஜ் போட வேண்டும். சார்ஜரும் மினி யுஎஸ்பி, வீட்டிலுள்ள வேறு எதற்கும் பொருந்தாது. இருட்டில் வழி பார்க்க 1100இல் டோர்ச் இருக்கிறது, வி3இல் இல்லை. பொத்தான்களிலும் 1100 நல்லது. வி3இன் பொத்தான்கள் ஒரே உலோகத் தகட்டில் வழவழவென்று கிடக்கும். அம்மா தடவித் தடவித்தான் இலக்கம் கண்டுபிடிப்பா.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் வி3 என்றால், ஒரு சூடை மீன் கதை சொல்ல வேண்டும்.

நான் கந்தளாயில் வேலையாக நின்ற ஒரு மழை நாள். பத்து மணிக்கு அம்மாவுக்குக் கோல் எடுத்தால் இணைப்பில் இருக்கிறா என்று வந்தது. பத்தரைக்கும் அதே. பதினொன்றுக்கும் அதே. அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, என் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்காவை எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவ போனபோது அம்மா குந்தியிருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாவாம். போன் ஜன்னல் கட்டில் கிடந்ததாம், மூதூரிலிருக்கும் பெரியம்மாவோடு இன்னும் இணைப்பில். பேச்சு முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. பெரியம்மாவிடமும் 1100தான், அவவும் துண்டிக்கவில்லை! ஒரு பக்கம் மீன் வெட்டும் சத்தம், மறுபக்கம் பெரியம்மா வீட்டுச் சேவல். அம்மா எடுத்த கோல் என்பதால் ரீலோட் முழுக்கக் கரைந்துபோனது.

பின்னேரம் வந்து கேட்டேன். “நான் அமத்தினனான் தம்பி” என்றா. அமத்தித்தான் இருப்பா, எதை என்பதுதான் கேள்வி. 1100இல் பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கிடையாது. திரைக்குக் கீழே நீளமாக ஒரு பொத்தான். அழைப்பு வரும்போது அதுதான் எடுக்கும், பேசும்போது அதுதான் துண்டிக்கும், சும்மா இருக்கும்போது அதுதான் மெனுவைத் திறக்கும். இப்போது அது என்ன செய்யும் என்பதைத் திரையின் அடியில் சின்ன எழுத்தில் பார்த்துத்தான் அறியலாம். கண்ணாடி போடாத அம்மாவுக்கு அந்த எழுத்து வெறும் புள்ளி. பொத்தான் பழுதாகவில்லை, அம்மாவும் மறக்கவில்லை. அந்தப் போன் வாசிக்கத் தெரிந்த கண்ணைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

மூடிப் போன் கண்ணைக் கேட்பதில்லை. திறந்தால் பேச்சு, மூடினால் முடிவு. ‘டப்’ என்று மூடும் சத்தம் அம்மாவுக்கே சாட்சி. மீன் செதில் ஒட்டிய கை என்றாலும் பெருவிரல் நகத்தால் நெம்பித் திறந்துவிடுவா. மூடியிருக்கும்போது பொத்தான்கள் உள்ளே இருப்பதால் பைக்குள் தானாக யாருக்கும் அடிபடாது. 1100க்கு லொக் போட வேண்டும், அம்மா போட்டதே இல்லை. திறந்தவுடன் அழைப்பு எடுபடும்படி அமைப்பில் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள்.

அதில் ஒரு சங்கடமும் உண்டு. யாரென்று பார்க்கத் திறந்தால் எடுத்ததாகிவிடும். பெயர் மூடியின் வெளித்திரையில் விழும், ஆனால் ஆங்கில எழுத்தில். அதனால் ஆளுக்கொரு மணியோசை வைத்தேன். இலக்கங்களை சிம்மில் சேமித்தால் இது முடியாது, போனின் நினைவகத்தில் சேமிக்க வேண்டும். வேண்டாத அழைப்பென்றால் போனின் பக்கவாட்டுப் பொத்தானை அமத்தி மணியை நிறுத்தப் பழக்கிவிட்டேன்.

வழவழப் பொத்தான்களுக்கு மாற்று, ஒரு இலக்கத்தை அமத்திப் பிடித்தால் போகும் விரைவு அழைப்பு. 2 நான், 3 பக்கத்து வீட்டு அக்கா, 4 ஓட்டோத் தம்பி, 9 அமத்தினால் 1990 அம்புலன்ஸ். இது 1100இலும் உண்டு. அதுபோல எந்தப் போனிலும் செய்யக்கூடியவை இரண்டு: *43# அடித்து அழைத்தால் பேச்சுக்கு நடுவே இன்னொரு அழைப்பு வருவது பீப் ஒலியில் தெரியும். **61* என்று அடித்து, பின்னால் ஒரு போன் இலக்கமும் # உம் போட்டு அழைத்தால், அம்மா எடுக்காத அழைப்பு அந்த இலக்கத்துக்குத் திரும்பும். நிறுத்த ##61#. திரும்பும் அழைப்புக்குக் காசு அம்மாவின் கணக்கில்தான் போகும், கவனம்.

மூடிப் போனின் பயம் அதன் மடிப்பில் இருக்கிறது. மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைத்து உள்ளே மெல்லிய ரிபன் ஒன்று ஓடுகிறது; திறந்து மூடித் தேய்ந்தால் திரை வெளுக்கும், அல்லது காதில் சத்தம் நின்றுவிடும். பாவித்தது வாங்குவதென்றால் அழைப்பில் இருந்தபடி மூடியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் தொடாதீர்கள். எங்கள் கடற்காற்றில் பற்றரி முனைகளில் பச்சை பூக்கும். மாதம் ஒருதரம் பென்சில் அழிறப்பரால் தேய்த்துவிடுகிறேன். அம்மாவின் ரிபன் இந்த ஒரு வருடத்தில் தாங்கியிருக்கிறது. ஐந்து வருடம் தாங்குமா என்றால், வாக்குக் கொடுக்க மாட்டேன்.

புதிதாகவே வாங்க நினைப்பவர்களுக்கு 2022இல் வந்த நோக்கியா 2660 ஃபிளிப் இருக்கிறது. 4ஜி, பெரிய பொத்தான்கள், அவசரத்துக்குத் தனிப் பொத்தான். 2ஜி ஒருநாள் நின்றால் என் வி3 விளையாட்டுச் சாமான், 2660 நிற்காது. ஆனால் நான் அதை ஒரு உறவினர் வீட்டில் பத்து நிமிடம் திறந்து மூடிப் பார்த்ததோடு சரி.

பெரியம்மாவுக்கும் ஒரு மூடிப் போன் வேண்டுமாம், தேடிக்கொண்டிருக்கிறேன். 1100 இன்னும் ஜன்னல் கட்டில்தான், சிம் இல்லாமல், டோர்ச்சுக்காக. அதன் பற்றரி இரவில் போனுக்குள், பகலில் அம்மாவின் ரேடியோவுக்குள்.