இஸ்திரிப் பெட்டியா, கச்சான் காற்றா? துணி தேய்க்காமல் சமாளிக்கும் வழிகளில் எது தேறுகிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைக்கும்போதே எனக்கு மனசு சோர்ந்துவிடும். ஃபேனைப் போட்டால் விரித்த சேலை பறக்கிறது. நிறுத்தினால் நெற்றி வேர்வை தேய்த்த சட்டையின் மேலேயே சொட்டுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான எங்கள் மண்டபத்தில் சித்திரை, வைகாசியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு பிசுபிசுக்கும். அந்தப் புழுக்கத்தில் சூட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பது பெரும்பாடு.

நான் தினமும் பள்ளிக்குப் பருத்திச் சேலை கட்டிப் போகிறவள். வாரத்துக்குச் சேலை ஐந்து, பிள்ளைகள் இருவரின் யூனிஃபார்ம் பத்து, வீட்டுக்காரரின் சட்டை ஆறு, பேண்ட் நாலு. மொத்தம் 25 உருப்படி. கரண்ட் செலவைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. 1000 வாட் பெட்டி இரண்டு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் 2 யூனிட்தான், சூடு ஏறினால் தானாக அணைந்துகொள்வதால் அதைவிடக் குறைவாகவே ஆகும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் வேறு. போவது என் ஞாயிற்றுக்கிழமையும் உடம்பும்தான். அதனால் ஒரு வருஷமாக ஒவ்வொரு மாற்று வழியையும் எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன்.

துணி ஏன் கசங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பாதி வழி பிடிபட்டது. பருத்தி இழை கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ், சங்கிலி போல நீண்ட மூலக்கூறுகளால் ஆன பொருள். அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் பட்டதும் அந்தப் பிடி விட்டுப்போகும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும் என்பதுதான் விஷயம். முறுக்கிப் பிழிந்து அப்படியே கொடியில் போட்டால் முறுக்கு அப்படியே நிற்கும். நாம் தண்ணீர் தெளித்துச் சூடு வைத்து அழுத்துவது, அந்தப் பிடியை மறுபடி விடுவித்து நேராகக் காயவைக்கத்தான். அப்படியானால் முதல் தடவையே நேராகக் காயவைத்துவிட்டால்? இஸ்திரி என்ற சொல்லே போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது, இழுத்து நீட்டுவது என்று பொருள்படும் சொல் அது என்பார்கள். சூடு பின்னால் வந்து சேர்ந்ததுதான் போலிருக்கிறது.

சரி, முதலில் எல்லோரும் சொல்வது வண்டிக்குக் கொடுத்துவிடுவது. எங்கள் தெருமுனையில் புங்கமரத்தடியில் ஒரு அண்ணன் தள்ளுவண்டி போட்டிருக்கிறார். இன்னமும் கரிப் பெட்டிதான். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பது ஊரறிந்த கதை. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். அந்தக் கரிதான் அவர் பெட்டிக்குள் கனல்கிறது. பெட்டியின் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். வீட்டுப் பெட்டியில் நான் நாலு தடவை இழுக்கிற இடத்தில் அவர் ஒரே இழுப்பில் முடிக்கிறார். கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு அந்த வண்டியை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் முடிவு. “டீச்சர், முக்கால் காய்ச்சலோட எடுத்துக் குடுங்க, முந்தானை தகடு மாதிரி நிக்கும்” என்பார், நிற்கவும் செய்யும்.

இதில் குறை காசு. எங்கள் தெருவில் சட்டை, பேண்ட் என்றால் உருப்படிக்கு 10 ரூபாய், சேலைக்கு 30. எல்லாவற்றையும் கொடுத்தால் வாரத்துக்கு 350, மாசத்துக்கு 1400. எங்கள் வீட்டுக்கு அது தாங்காது. இன்னொன்று, காற்று அடிக்கிற நாளில் கரிப் பெட்டியிலிருந்து பொறி பறக்கும். வேறொரு வண்டியில் முன்பு கொடுத்து, மகனின் வெள்ளைச் சட்டைத் தோளில் மிளகு அளவு ஓட்டையோடு வாங்கி வந்திருக்கிறேன். மழைநாளில் வண்டியே வராது. ஆகவே முழுக்க வண்டியை நம்ப முடியாது, முழுக்க விடவும் கூடாது.

அடுத்தது, துணி மேல் ஆவியைப் பாய்ச்சிச் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமர். கீழக்கரையில் இருக்கும் என் தோழிக்கு அவள் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வந்தார். ஒரு மாதம் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஹேங்கரில் மாட்டிய ஜார்ஜெட் சேலை, ஷிஃபான் துப்பட்டா, ஜிகினா வேலை செய்த பாவாடை ஆகியவற்றுக்கு அருமையாக இருக்கிறது. நேராகப் பெட்டி படாததால் கருகுமோ என்ற பயமும் குறைவு. ஆனால் பருத்திச் சட்டையின் காலரிலும் பட்டன் பட்டியிலும் தோற்றுப்போகிறது. ஆவி இழையை இளக்கும், அழுத்திப் பிடிக்க அங்கே தட்டு இல்லை. யூனிஃபார்ம் பாவாடையின் மடிப்பை அது கலைத்துத்தான் விட்டது.

இந்தக் கரைக்கென்று அதில் இன்னொரு சிக்கல், தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் சவர்ப்பு. அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து ஆவி வரும் துளை அடைத்துக்கொள்ளும், வெள்ளைத் துகள் துணியில் தெறிக்கும். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் ஊரில் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கித் துணிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆவியும் புழுக்கமும் சேர்ந்தால் அறை எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். விசேஷப் புடவை நிறைய வைத்திருப்பவர்களுக்குச் சரி, அன்றாடத்துக்குத் தேறாது. குளியலறையில் வெந்நீர் ஆவியில் துணியை மாட்டி வைப்பது என்ற யோசனையை இங்கே பேசவே வேண்டாம். பச்சைத் தண்ணீரிலேயே உடம்பு குளிராத ஊர் இது.

மூன்றாவது, துணியையே மாற்றிவிடுவது. பாலியஸ்டர் கலந்த துணி கசங்காது என்பது உண்மை. பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. தண்ணீர் அதன் உள்ளே போய் எதையும் இளக்குவதில்லை, அதனால் உதறிப் போட்டாலே நேராகிவிடுகிறது. ஆனால் வேர்வையையும் அது வாங்காதே! ஒரு சேலை வாங்கி ஒரு வாரம் கட்டிப் பார்த்தேன். மூன்றாம் பீரியடிலேயே முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளின் யூனிஃபார்ம் கலப்புத் துணிதான், அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. அவசரத்துக்கு உதவுகிறது.

கசங்காத பருத்திச் சட்டை என்று கடையில் விற்கிறார்களே, அது வேறு வகை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் இருந்த வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் ரூத் பெனெரிட்டோ என்ற வேதியியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1950களில் செய்த வேலை அதற்குப் பெரிய அடித்தளம். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையே தண்ணீருக்கு அசையாத குறுக்குப் பாலம் போடுவதுதான் அதன் உத்தி. வீட்டுக்காரருக்கு இரண்டு வாங்கினோம். துவைத்து மாட்டினால் போதும், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பாலமே இழையின் வளையும் தன்மையைக் கெடுத்து வலுவையும் குறைக்கும். ஒரு வருஷத்தில் காலர் மடிப்பும் கை விளிம்பும் மற்ற சட்டைகளுக்கு முன்னால் நைந்துவிட்டன. தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு கலந்த பூச்சும் உண்டு என்பதால் புதுச் சட்டையை ஒரு தடவை துவைத்துவிட்டுப் போடுவது நல்லது. ஆஃபீஸுக்கு மட்டும் போகிறவருக்கு இது தோதான வழி. எனக்கோ, பரமக்குடித் தறியில் நெய்த பருத்திச் சேலையை விட்டுவிட்டு இஸ்திரிக்குப் பயந்து வேறு துணிக்குப் போக மனம் ஒப்பவில்லை.

மெத்தைக்கு அடியில் வைப்பது பழைய வழி. அத்தை காலத்தில் மாமா வேட்டியை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்துக்கொள்வாராம், காலரை மட்டும் தணல் போட்ட பித்தளைச் சொம்பால் தேய்த்துக்கொள்வார்களாம். பேண்டைக் கோடு பார்த்து மடித்து, நாள் பட்ட தேங்காய் நார் மெத்தைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். காலையில் எடுத்தபோது கோடு விழுந்திருந்தது. வேட்டி, பேண்ட், பெட்ஷீட், பள்ளிக் கால்சட்டை இவற்றுக்குச் செலவே இல்லாத வழி. சட்டைக்கு ஆகாது, கை மடிப்பில் புதுச் சுருக்கம் விழும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். காற்றில் ஈரம் நிற்கிற அந்த நாளில் மெத்தைக்கு அடியில் வைத்த துணி முடைநாற்றம் எடுக்கும். கஞ்சி போட்டதாக இருந்தால் பூச்சியும் வரும்.

இனி என் கட்சி. துவைக்கும் இடத்திலும் கொடியிலுமே வேலையை முடித்துவிடுவது. இந்தக் கரையில் நமக்குக் கிடைத்திருக்கிற காற்று வேறு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்? மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைத்த காற்று அது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மொட்டைமாடியில் ஒரு சட்டை காய அரை மணி நேரம்கூட ஆவதில்லை. படபடவென்று அடிக்கிற அந்த அடியிலேயே சின்னச் சுருக்கமெல்லாம் உதிர்ந்துவிடுகிறது.

ஆனால் சும்மா கொடியில் போட்டால் நடக்காது. “முறுக்கிப் பிழிஞ்சு போடாதத்தா, கருவாடு மாதிரி காஞ்சு கெடக்கும்” என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். அதுதான் முதல் பாடம். சட்டையையும் சேலையையும் பிழியாமல் தண்ணீர் சொட்டச் சொட்ட மாட்ட வேண்டும். தண்ணீரின் கனமே துணியைக் கீழே இழுத்து நிமிர்த்தும். மெஷினில் துவைத்தால் பாதி அளவுக்குத்தான் துணி போடுகிறேன், ஸ்பின் வேகத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிடுகிறேன், நின்ற உடனே எடுத்துவிடுகிறேன். ஒரு மணி நேரம் உள்ளே கிடந்தால் அவ்வளவுதான்.

கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். சவர்த் தண்ணீரிலேயே முடித்தால் துணியில் உப்புத் தங்கி, காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும், சாயங்காலம் காற்றின் ஈரத்தை இழுத்துத் தொய்ந்தும் போகும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் அரை வாளி ஒதுக்கி வைத்து, நல்ல துணிகளை மட்டும் அதில் ஒரு முக்கு முக்கி எடுக்கிறேன்.

மாட்டுவதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். கம்பிக் கொடியும் கம்பி ஹேங்கரும் இந்த உப்புக் காற்றில் துருப்பிடித்து, வெள்ளைச் சட்டையில் போகாத கறை வைத்துவிடும். ஸ்பிரிங் வைத்த கிளிப்பும் அப்படித்தான். கடைசியில் படகுக்கு வாங்குகிற நைலான் கயிற்றை இரண்டு இழையாகச் சேர்த்து முறுக்கிக் கட்டினேன். முறுக்கின் இடைவெளியில் ஹேங்கர் கொக்கியைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் ஓடிப்போய் ஒரு மூலையில் குவியாது. பிளாஸ்டிக் ஹேங்கர்தான். சட்டையை மாட்டி மேல் பட்டனைப் போட்டு, காலரை விரலால் நீவி, பட்டன் பட்டியை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, இரண்டு கையையும் ஒரு இழுப்பு. சட்டைக்கு அரை நிமிஷம். வீட்டுப் பெட்டியில் அதே சட்டைக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

சேலைக்கு ஆள் இரண்டு வேண்டும். லேசாகக் கஞ்சி போட்டு, முக்கால் காய்ந்ததும் இறக்கி, மகள் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுப்போம். பிறகு கரையோடு கரை சேர்த்து மடித்து, மறுபடி ஒரு இழுப்பு. சேலை விண்ணென்று நிற்கும்போது உள்ளங்கையால் நீவினால், இழைகள் வரிசைக்கு வருவது கைக்கே தெரியும். இரண்டு சேலை முடிப்பதற்குள் மகள் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள்.

இதிலும் குறை உண்டு. கச்சான் காற்றோடு மணலும் வரும். அதனால் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போட்டுப் பத்து மணிக்குள் எடுத்துவிடுகிறேன். கல்யாணத்துக்குப் போகிற சட்டைக்கு வேண்டிய கத்தி மடிப்பு காற்றில் கிடைக்காது. கிட்டே வந்து பார்த்தால் முழங்கையில் ஒன்றிரண்டு கோடு தெரியத்தான் செய்யும். அதை நான் பொருட்படுத்துவதை விட்டுவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு இது. சட்டையும் யூனிஃபார்மும் காற்றுக்கு, பேண்ட் மெத்தைக்கு அடியில், இரண்டு சேலை நானும் மகளும் இழுத்து மடிப்பது, மீதி மூன்று சேலை வண்டி அண்ணனுக்கு. வாரத்துக்கு 90 ரூபாய். இஸ்திரிப் பெட்டி பீரோ மேல் இருக்கிறது, பாவாடை மடிப்புக்கு மட்டும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இறங்கும்.

வாடை திரும்பி மழை பிடித்துக்கொண்டால்தான் சிரமம். போன வருஷம் அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள் ஃபேனுக்கு நேராகத் துணியை மாட்டி, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டுச் சமாளித்தேன். இந்த வருஷம் திண்ணைக் கூரைக்கு அடியில் இன்னொரு இரட்டைக் கயிறு கட்டப் போகிறேன். கயிறு வாங்கி வைத்தாயிற்று.