வாளிப் பொறி போய் வேட்டி வந்தது: மூன்று ஆண்டு அந்துப்பூச்சி அனுபவம்

இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது இந்த வாளிப் பொறி. மேலே புற ஊதா விளக்கு, நடுவில் புனல், உள்ளே முட்டை அட்டைகள். விளக்கைத் தேடி வரும் பூச்சி புனலில் வழுக்கி இறங்கி, அட்டை மடிப்பில் ஒண்டிக்கொள்ளும். காலையில் எண்ணிப் படமெடுத்துவிட்டுப் பறக்க விடலாம். அவர் நவம்பர் குளிரிலும் வைப்பார். அங்கே அந்தக் குளிருக்கென்றே விண்டர் மாத் (குளிர்கால அந்துப்பூச்சி) என்று ஒன்று உண்டு. அதில் பெண்ணுக்குப் பறக்கும் சிறகே கிடையாது, மரமேறிப் போய் ஆணுக்காகக் காத்திருக்கும். அதனால் பொறியில் விழுவதெல்லாம் ஆண்தான்.

நான் இருக்கும் சிங்கப்பூர் யீஷூனில் ஏது இலையுதிர் காலம்? ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைதான். குளிரில் பூச்சி அசையாமல் கிடக்கும் என்று நம்பிச் செய்த பொறி இது. இங்கே நள்ளிரவிலும் வெக்கை. உள்ளே விழுந்தவை விடிய விடியப் படபடத்து, செதில் உதிர்ந்து, காலையில் அடையாளமே தெரியாமல் கிடந்தன. எறும்பும் பல்லியும் எனக்கு முன்பே கணக்கெடுத்துவிடும். சாரலில் வாளிக்குள் தண்ணீர் தேங்கியதைப் பார்த்ததும் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு நினைவுக்கு வந்து பதறிப்போனேன். அடியில் துளை போட்டேன். ஓராண்டு இழுத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. துளைதான் இருக்கிறதே என்று வீட்டம்மா அதில் கறிவேப்பிலை நட்டுவிட்டார்.

அப்புறம்தான் பழைய வேட்டி. வாசலில் கொடி கட்டி, தாழ்வாரத்தில் ஆள் நடக்க வழி விட்டு, முன்னால் விளக்கு. ஒளிக்கு வரும் பூச்சி வேட்டியில் உட்காரும். சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டி புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதால் துவைத்த வேட்டியே பாதி விளக்கு. இணையத்தில் வாங்கிய முதல் விளக்கின் அட்டையில் 365 நானோமீட்டர் (புற ஊதா ஒளியின் அலைநீளம்) என்று போட்டிருந்தது. ஆனால் கல்யாண மண்டபம் போல ஊதாவாகப் பளிச்சிட்டது. 365 நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். பணம் போனது போனதுதான். இரண்டாவது விளக்கு பவர் பேங்கில் இரண்டு ஆண்டாக ஓடுகிறது. அதை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

ஆண்டிலேயே சீக்கிரம் பொழுது சாய்வது நவம்பர் தொடக்கத்தில்தான், 6.45 மணி வாக்கில். ஏழே காலுக்குப் போட்டுப் பத்து மணிக்கு அணைக்கிறேன். மழை விட்ட கையோடு போட்டால் ஈசல் படையெடுத்து வேட்டியை மூடிவிடும். அன்றைக்கு ஒரு மணி நேரம் பொறுப்பது நல்லது. கார்த்திகை தீபத்தன்று ஆசையாகப் போட்டு ஏமாந்தேன். பௌர்ணமி நிலவில் விளக்குக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்த வெறும் இரவையும் நோட்டில் எழுதினேன். நேரம், மழை, நிலா, எண்ணிக்கை எல்லாம் எழுதுகிறேன். பெயர் தெரியாததை எந்தப் பூச்சிக் குடும்பம் என்பது வரைக்கும் எழுதினால் போதும். ஊகித்துப் பெயர் போட்டுப் பிறகு அழித்த பக்கங்கள் என்னிடம் நிறைய.

ஒரு நாள் அரளி இலை தின்று வளரும் பச்சை ஹாக் மாத் ஒன்று வேட்டியின் சிவப்புக் கரையில் அரை மணி உட்கார்ந்திருந்தது. கிளம்புமுன் சிறகை நடுக்கி நடுக்கி உடம்பைச் சூடேற்றியதை முழங்காலிட்டுப் பார்த்தேன். வாளியில் இது கிடைத்திருக்காது.

பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் பிடிக்க தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதனால் நான் வாசலோடு சரி. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, பெரிய பூச்சி வந்தால் விரட்டாதே, செத்துப்போன பெரியவர்கள் பார்க்க வந்திருப்பார்கள் என்பார். மிகப் பெரிய அந்துப்பூச்சியான அட்லஸ் மாத் வந்தால் எத்தனை மணியானாலும் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை.