எம்.எம். 540 ஜீப்புக்கு ஏ.சி.: பணம் போன இடமும் குளிர் வந்த இடமும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நன்றாக இருக்கிறது, கொடுத்த பணத்துக்குத் தகும். ஆனால் கடைக்காரர் பில்லில் பெரிதாக எழுதிய சாமான்களைவிட, "அதெல்லாம் எதற்கு டாக்டர்?" என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்த்த சாமான்கள்தான் எனக்குக் கூடுதல் குளிரைத் தந்தன. பழைய ஜீப்புக்கு ஏ.சி. போட நினைப்பவர்கள் இதைப் படித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

வண்டி மகிந்திரா எம்.எம். 540, 1991 மாடல். பெஜோ வடிவமைப்பில் வந்த 2112 சி.சி. டீசல் எஞ்சின். அறுபது குதிரைத்திறனைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நான் நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவன். பண்ணைகள் ஊருக்கு வெளியே, பாதி தூரம் மண்பாதை, மழை பெய்தால் சேறு. இந்த வண்டி எங்கேயும் என்னைக் கைவிட்டதில்லை. சித்திரை வெயிலில் மட்டும் உள்ளே உட்கார முடியாது. மாசி முடிந்தால் என் மனைவி இதில் ஏறவே மாட்டார்.

நாமக்கல் லாரிக்கு பாடி கட்டும் ஊர். இரும்பை வளைக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நான் போன கடையும் லாரி கேபினுக்கு ஏ.சி. போடும் கடைதான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. புது லாரியில் ஏறி இறங்கிய டிரைவர்கள் பழைய லாரிக்கும் கேட்கிறார்களாம். கடையில் எப்போதும் நாலைந்து லாரிகள் நிற்கின்றன. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. எழுதத் தெரிந்த ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம், பலகை வைத்தால் இன்னும் கூட்டம் வரும் என்று முதலாளியே சொன்னார்.

என் முதல் சண்டை இன்சுலேஷனுக்காக. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் பண்ணைக்காரர்கள் பெரிய விசிறி வாங்கட்டுமா என்று கேட்டால், முதலில் கூரைக்கு வெள்ளையடியுங்கள், பிறகு விசிறியைப் பற்றிப் பேசலாம் என்பேன். ஊருக்கெல்லாம் சொல்லும் நியாயம் என் வண்டிக்குப் பொருந்தாதா? ஜீப் என்பது வெறும் தகரப் பெட்டி. முன்னால் எஞ்சின், காலடியில் கியர்பாக்ஸ், தரைக்குக் கீழே புகைக்குழாய், தலைக்கு மேலே வெயில். கொட்டகைச் சூட்டை அளக்க வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரு மதியம் அளந்து பார்த்தேன். கியர்பாக்ஸை மூடியிருக்கும் தகடு 58 டிகிரி. அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எத்தனை டன் ஏ.சி. போட்டாலும் கால் வேகத்தான் செய்யும்.

முதலாளிக்கு இதில் விருப்பமில்லை. இருக்கை, மேட், டேஷ்போர்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், இரண்டு ஆளுக்கு வேலை, லாபம் குறைவு. நான் பிடிவாதமாக நின்றேன். எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர், தரை, கியர்பாக்ஸ் மூடி மூன்றிலும் முதலில் பிசின் போல ஒட்டும் பியூட்டைல் ஷீட், அதன்மேல் 10 மில்லிமீட்டர் கறுப்பு ரப்பர் நுரை. ஏ.சி. குழாய்களின் மேல் சுற்றியிருப்பார்களே, அதே சரக்குதான். கூரைக்கு ஏற்கெனவே தகர டாப் போட்டிருந்தேன். அதன் உள்பக்கமும் நுரை ஒட்டி ரெக்சின் வைத்துத் தைத்தார்கள். பெடல், ஸ்டீயரிங் தண்டு, கியர் கம்பிகள் நுழையும் துளைகளுக்கு ரப்பர் உறை. கதவுக்குப் புது பீடிங். பழைய துளை ஒன்றின் வழியாக இரண்டு விரல் நுழைந்தது. அந்த வழியாகத்தான் இத்தனை வருடமும் எஞ்சின் காற்று என் முழங்காலில் அடித்திருக்கிறது. வேலை முடிந்ததும் அதே தகட்டை, அதே மாதிரி ஒரு மதியத்தில், நுரையின் மேல் அளந்தேன்: 41. கம்ப்ரஸர் அப்போது வண்டியில் ஏறவே இல்லை.

இனி அவர்கள் வேலை. இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. கம்ப்ரஸர் 508 ரகம், ஒரு சுற்றுக்கு 138 சி.சி. கழற்றி விற்ற சிறிய காரின் கம்ப்ரஸரைப் பாதி விலைக்குப் போடலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். சிறிய காரின் உட்புறம் இறுக்கமாக மூடியது, இந்த வண்டி அப்படியில்லை. எஞ்சினில் பழைய முறை வி-பெல்ட் என்பதால் புல்லியும் அதற்கேற்ற காடி உள்ளதாகப் பார்த்து வாங்கினார்கள்.

அதைத் தாங்கும் பிராக்கெட்தான் இந்த வேலையின் உயிர்நாடி. இந்த எஞ்சினுக்கு ஏ.சி. பிராக்கெட் கடையில் தயாராகக் கிடைக்காது. டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் நடுங்கும் நடுக்கத்தில் மெல்லிய தகடு சில மாதங்களில் விரிசல் விடும், பெல்ட் கத்தும், பிறகு அறுந்து போகும். கடையில் வயதான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தார். பிறகு 10 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டி, எஞ்சினில் இருக்கும் துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டினார். எஞ்சினில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து மீன்பிடி நரம்பை எடுத்து, கிராங்க் புல்லியின் காடியிலிருந்து கம்ப்ரஸர் புல்லியின் காடிவரை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். போல்ட்டைத் தளர்த்தி ஒரு வாஷரைச் சொருகினார். மறுபடி நரம்பு. அந்த வாஷரை எடுத்துவிட்டு அதைவிட மெல்லியதாக ஒன்று. பக்கத்தில் லாரிக்காரர் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார், மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை அந்த பெல்ட் ஒரு சத்தம் போட்டதில்லை.

கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால், முகப்புக் கம்பிகளுக்குப் பின்னால் வைத்து, முன்னால் 12 அங்குல மின்விசிறி ஒன்று. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்துகளை ரப்பர் பட்டையால் அடைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடைக்காவிட்டால் வண்டி நிற்கும்போது எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி கண்டென்சருக்குள்ளேயே போகும், சிக்னலில் குளிர் இருக்காது. ரேடியேட்டர் பழையதாக இருந்தால் இந்த வேலையோடு அதையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். முன்னால் ஒரு சூட்டுப் பெட்டியை வைத்த பிறகு அதற்கு வேலை இரட்டிப்பு.

மின்சாரக் கணக்கை யாரும் போடுவதில்லை. உட்புற விசிறிக்கு 12 ஆம்பியர், கண்டென்சர் விசிறிக்கு 10, கம்ப்ரஸர் கிளட்சுக்கு 4. ஏ.சி.க்கு மட்டும் 26. ராத்திரியில் இரண்டு முன்விளக்குகளும் எரிந்தால் இன்னொரு பத்து, மழையில் வைப்பர் ஓடினால் அதற்கு மேலும் நாலு. 40 வந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துத் தருவது ஆல்டர்னேட்டர். என் வண்டியில் இருந்த பழையது 35 ஆம்பியர், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. பாட்டரி எத்தனை நாள் தாங்கும்? 65 ஆம்பியரில் ஒன்று மாற்றச் சொன்னேன், மறு பேச்சில்லாமல் மாற்றினார்கள். லாரியின் 24 வோல்ட்டிலேயே பழகிய கைகள் என்பதால், என் 12 வோல்ட் வண்டிக்கு ரிலே, வயர் எல்லாம் சரியான தடிமனில் போடுகிறார்களா என்று நின்று பார்த்தேன். போட்டார்கள்.

கேஸ் ஏற்றும் முறையும் ஒழுங்கு. டிரையரின் மூடியைக் கடைசியில்தான் திறந்தார்கள். அதற்குள் இருப்பது ஈரம் உறிஞ்சும் மணிகள், முன்கூட்டியே திறந்துவைத்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, பம்ப் வைத்து முக்கால் மணி நேரம் வெற்றிடமாக்கி, ஆர்-134ஏ வாயுவைத் தராசில் எடை போட்டு ஏற்றினார்கள். குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றும் கடைகளுக்கு நடுவில் தராசு வைத்திருப்பதே பெரிய விஷயம்.

குறைகள் இல்லாமல் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டி பழைய அம்பாசடரில் தொங்குமே, அந்த மாதிரி. இடது பக்கம் உட்காருபவர் உயரமாக இருந்தால் முழங்கால் இடிக்கும். பெட்டிக்குள் குளிர்ந்த நீர் சொட்டும் தட்டுக்கு ஒரே ஒரு வடிகுழாய் வைத்திருந்தார்கள், அதுவும் பின்பக்கம். சமவெளியில் ஓடும் லாரிக்கு அது போதும். ஓடைக்கரையில் மூக்கு கீழே சாய்ந்து இறங்கும் ஜீப்புக்குப் போதாது. தட்டில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் முன்பக்கமாக வழிந்து என் உதவியாளரின் காலில் கொட்டியது. தம்பி அலறிவிட்டான். இப்போது முன்னும் பின்னும் இரண்டு குழாய்கள். மண்பாதையில் ஓட்டுபவர்கள் இதை முதல் நாளே கேளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் பெரிய குறை. உயர் அழுத்தக் குழாயைப் பாட்டரித் தட்டின் ஓரத்தை உரசும்படி விட்டிருந்தார்கள். சில மாதங்களிலேயே தேய்ந்து, கேஸ் முழுவதும் போய்விட்டது. கேஸை இலவசமாக ஏற்றித் தந்தார்கள், குழாய்க்குக் காசு வாங்கிக்கொண்டார்கள். உரசும்படி விட்டது அவர்கள் என்றால் குழாயும் அவர்கள் கணக்கில்தானே வர வேண்டும்? கேட்டேன். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். புதுக் குழாய்க்கு ரப்பர் உறை போட்டுக் கவ்வியால் இறுக்கியிருக்கிறார்கள்.

குளிர் எப்படி? தடுப்பூசிப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியின் கம்பியை ஏ.சி. வாயில் சொருகிப் பார்த்தேன். வெளியே 38 டிகிரி. ஓடும்போது 9, நிற்கும்போது 16 வரை ஏறுகிறது. கால் மணி நேரத்தில் சட்டை காய்கிறது. புதுக் காரின் குளிரை எதிர்பார்ப்பவர்கள் புதுக் கார் வாங்கிக்கொள்ளட்டும். ஒரு சங்கடம் உண்டு. இந்தப் பெட்டி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றும், வெளிக்காற்று எடுக்கும் வழி இல்லை. பண்ணையிலிருந்து அமோனியா வாடையோடு ஏறினால் அந்த வாடையும் குளிர்ந்தே சுற்றும். கிளம்பியதும் கொஞ்ச தூரம் கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டிவிட்டுப் பிறகு மூடுகிறேன். தீவனத் தூசிக்காக உறிஞ்சும் வாயில் கழுவி மாட்டும் நுரை ஒன்றை நானே வெட்டி வைத்திருக்கிறேன்.

ஏற்றத்துக்குக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறிப் பார்த்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள், இதைவிடக் கடுமையான பரிசோதனை எங்கள் பக்கம் கிடையாது. முழு வேலையில் கம்ப்ரஸர் மூன்று நான்கு குதிரைத்திறனைத் தின்னும். அறுபதில் நாலு போனால் இரண்டாம் கியரில் அது காலுக்கே தெரியும். வெப்பமுள் வழக்கத்தைவிட மேலே போனதும் ஏ.சி.யை அணைத்தேன், சில வளைவுகளில் முள் இறங்கிவிட்டது. மேலே போனால் காற்றே குளிர், ஏ.சி. யாருக்கு வேண்டும்? ஆனால் மழையும் பனியுமாக முன்கண்ணாடி மங்கும்போது ஏ.சி. நன்றாக உதவுகிறது, உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் கம்ப்ரஸர் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்ச் போடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார், அடுத்த முறை போடச் சொல்வேன்.

செலவு: ஏ.சி. சாமான்களும் கூலியும் 48,000 ரூபாய், ஆல்டர்னேட்டர் 7,500, இன்சுலேஷனும் பீடிங்கும் ரெக்சினும் 14,000. கையில் பணம் குறைவாக இருந்தால் கடைசியில் சொன்ன 14,000 ரூபாயை முதலில் செலவழித்து ஒரு கோடையை ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். கான்வாஸ் கூரையோடு, கதவில்லாமல் ஓட்டுபவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடைக்குப் போவதாக இருந்தால் மார்கழி, தை மாதங்களில் போங்கள். பங்குனி பிறந்துவிட்டால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், ஜீப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு லாரிகளைத்தான் பார்ப்பார்கள். மேஸ்திரி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் பல நாள் திரும்புவதில்லை. பிராக்கெட் வேலையைக் காலையிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.